வாக்குத்தத்த கார்டு பீரோவுல ஒட்டியிருக்கு, ஆனா பயம் போகலை. நீங்கல்லாம் எப்படி நிலைச்சு நிக்கிறீங்க?

சாயர்புரத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க வாசிக்க மட்டும்தான் வருவேன், எழுதினது இல்ல. இன்னைக்கு கேட்டே ஆகணும்னு இருக்கு.

எங்க வீட்டுக்காரங்க சவுதில ஒரு கான்ட்ராக்ட் கம்பெனில வேலை பார்த்தாங்க. பல மாசமா சம்பளத்த நிறுத்தி வச்சு இன்னைக்கு தர்றோம் நாளைக்கு தர்றோம்னு இழுத்தடிச்சு கடைசில வெறுங்கையோட ஊருக்கு வந்துட்டாங்க. வீட்டு லோன் ஓடிக்கிட்டு இருக்கு, அத்தைக்கு கிட்னி போய் டயாலிசிஸ் பண்றோம், பையன் பிளஸ் ஒன், பொண்ணு எட்டாப்பு. நான் ஒரு கடைல கணக்கு எழுதுறேன், அந்த சம்பளம்தான் இப்போ வீட்டுக்கு.

புதுவருஷ ஆராதனைல ஆளுக்கு ஒரு பைபிள் வசன கார்டு குடுப்பாங்கல்ல, அதுல எனக்கு வந்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". சந்தோஷமா கொண்டு வந்து பீரோ கதவுல ஒட்டினேன். அதுக்கப்புறம்தான் இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. தினமும் சேலை எடுக்க பீரோவ திறக்கும்போது அந்த கார்டு கண்ணுல படுது, இது எனக்கு சொன்னதுதானா இல்ல வேற யாருக்கோ வந்த கார்டு என் கைக்கு மாறி வந்துருச்சான்னு கூட யோசிச்சிருக்கேன்.

வீட்டுக் கூட்டத்துக்கு வர்ற ஒரு அக்கா நேரடியாவே சொல்லிட்டாங்க, உனக்கு விசுவாசம் பத்தல, விசுவாசம் இருந்தா பயம் இருக்காது, ஏதோ ஒரு தடை இருக்கு அத கண்டுபிடின்னு. அன்னைல இருந்து சர்ச்ல தேவன் செஞ்ச நன்மைய ஒவ்வொருத்தரா எழுந்து சாட்சி சொல்ற நேரம் வந்தா எழுந்து வெளிய வந்து நின்னுக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா விடியுற வரை தூக்கம் இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஜெபம் பண்ண உக்காந்தா "ஆண்டவரே"ங்கிறதுக்கு மேல வார்த்தை வரல.

நான் இயேசுவ விடல, விடவும் மாட்டேன். ஆனா நிலைச்சு நிக்கிறதுன்னு சொல்றாங்களே அது எப்படி இருக்கும்? இதவிட கஷ்டத்த பார்த்தவங்க இங்க இருப்பீங்க. பயமே இல்லாமதான் இருந்தீங்களா? "ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிராதீங்க, ப்ளீஸ்.

---

விசுவாசவீரன் எழுதியது:

சிஸ்டர் கவலைப்படாதீங்க. 21 நாள் உபவாசம் எடுங்க, சங்கீதம் 91 காலைலயும் ராத்திரியும் சத்தமா அறிக்கை பண்ணுங்க. கஷ்டம் கஷ்டம்னு வாயால சொல்லாதீங்க, சொல்றதுதான் நடக்கும். எனக்கு வேலை போனப்போ இப்படித்தான் நின்னேன், மாசம் முடியறதுக்குள்ள முன்னத்த விட நல்ல வேலை கிடைச்சது. தேவன் பட்சபாதம் உள்ளவர் இல்ல, எனக்கு செஞ்சவர் உங்களுக்கும் செய்வார். ஆமென்.

---

ரிட்டயர்டு டீச்சர், நாசரேத் எழுதியது:

அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து "ஆண்டவரே"ன்னு மட்டும் சொல்ல முடியுது, அதுக்கு மேல வரலன்னு எழுதியிருக்கீங்களே, அது முழு ஜெபம்தான். பேதுரு கடல்ல முங்கும்போது சொன்னது "ஆண்டவரே, என்னை ரட்சியும்" அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வார்த்தையும் இல்ல, உடனே கை நீட்டி பிடிச்சார்னு மத்தேயு எழுதியிருக்காரு.

இப்போ அந்த கார்டு விஷயம். நான் வருஷக்கணக்கா ஓய்வுநாள் பள்ளில எரேமியா எடுத்திருக்கேன், இத சொல்லாம இருக்க முடியல. 29:11ஐ மட்டும் வெட்டி கார்டுல போட்டுடுறாங்க. அந்த அதிகாரத்த முதல்ல இருந்து வாசிங்க. அது ஒரு லெட்டர். பாபிலோனுக்கு பிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா எழுதின லெட்டர். அவங்க வீடு போச்சு, ஊர் போச்சு, கோயில் தூரமா போச்சு. அந்த நிலைமைல இருக்கிறவங்களுக்கு எழுதினதுதான் உங்க பீரோல ஒட்டியிருக்கிறது. எல்லாம் நல்லா போய்க்கிட்டு இருக்கிறவங்களுக்கு எழுதினது இல்ல. அதனால கார்டு கை மாறி வரல, சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கு.

அதுக்கு முந்தின வசனம் 10ல என்ன இருக்கு தெரியுமா, 70 வருஷம். 70 வருஷம் ஆன பிறகு உங்கள திரும்ப கூட்டிட்டு வருவேன்னு. லெட்டர வாசிச்ச பெரியவங்கள்ல எத்தனை பேரு அந்த நாள பார்த்திருப்பாங்க? அதுக்கு முந்தின 28ஆம் அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வர்றான். பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கிறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்த எல்லார் முன்னாடியும் உடைச்சுப் போட்டு, ரெண்டே வருஷம், எல்லாம் திரும்ப வந்துடும்னு சொல்றான். ஜனங்களுக்கு எது பிடிச்சிருக்கும்னு நினைக்கிறீங்க? ரெண்டு வருஷம்னு சொன்னதுதான். ஆனா அவன் சொன்னது பொய். இத்தனை நாள்ல, இந்த மாசத்துக்குள்ளன்னு தேதி குறிச்சு சொல்றவங்கள பார்த்தா எனக்கு அனனியா ஞாபகம் வந்துடும். தம்பி விசுவாசவீரன் உங்கள சொல்லல, உங்களுக்கு வேலை கிடைச்சதுக்கு நானும் ஸ்தோத்திரம் சொல்றேன். ஆனா உங்களுக்கு ஒரு மாசத்துல நடந்தத இன்னொருத்தருக்கு அளவுகோலா வச்சுட்டா, அது நடக்காதப்போ அவங்க தேவனையும் இழந்து தன்னையும் வெறுத்துடுவாங்க. தானியேல் புத்தகத்துல நெருப்புச் சூளை முன்னாடி நின்ன மூணு பேரும் எங்க தேவன் விடுவிக்க வல்லவர்னு சொல்லிட்டு அதோட நிறுத்தல, "விடுவிக்காமற்போனாலும்"னு சேர்த்து சொன்னாங்க. அதையும் விசுவாசம்னுதான் பைபிள் சொல்லுது.

சரி, 70 வருஷம் என்ன பண்ணச் சொன்னார்? 5ஆம் வசனம். வீடுகளக் கட்டி குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட கனிய சாப்பிடுங்க, பிள்ளைகளுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்கிற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க. எனக்கு நிலைச்சு நிக்கிறது இதுதாம்மா. நீங்க கடைக்குப் போய் கணக்கு எழுதுறீங்க, பொண்ண பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறீங்க, அத்தைய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறீங்க. பாபிலோன்ல தோட்டம் போடச் சொன்னார்ல, அத ஏற்கனவே செஞ்சுக்கிட்டு இருக்கீங்க, யாரும் உங்களுக்கு அத எடுத்துச் சொல்லல.

பயம் பத்தி. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்". சங்கீதம் 56:3. பயம் போன பிறகு நம்புவேன்னு தாவீது சொல்லல, பயம் இருக்கிற அதே நாள்ல நம்புறேங்கிறான். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல நம்ம ஆண்டவரே திகிலடைஞ்சு வியாகுலப்பட்டார்னு மாற்கு எழுதியிருக்காரு. அவருக்கு விசுவாசம் பத்தலன்னு யாரும் சொல்லுவாங்களா?

---

நைட்டியூட்டி எழுதியது:

அக்கா நான் நர்ஸ், டயாலிசிஸ் யூனிட்ல இருந்திருக்கேன். டீச்சர் சொன்னதுக்கு மேல நான் வசனம் சொல்லப் போறது இல்ல, ஆனா உங்க அத்தை விஷயத்துல ரெண்டு மூணு விஷயம் சொல்லியே ஆகணும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் வருது, கார்டு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வருமானச் சான்று, ரேஷன் கார்டு எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க. கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயும் பண்றாங்க. காசு குடுத்து வெளிய பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னா இத முதல்ல பாருங்க.

பாக்க வர்றவங்க அன்பா இளநீர், வாழைப்பழம் எல்லாம் வாங்கிட்டு வருவாங்க. டயாலிசிஸ் ஆளுக்கு பொட்டாசியம் ஏறிடும், ஹார்ட்டுக்கு ஆபத்து. டாக்டர கேக்காம குடுக்காதீங்க. தண்ணி அளவும் அப்படித்தான்.

அப்புறம் முக்கியமானது, இத நான் கண்ணால பார்த்திருக்கேன், அதனால சொல்றேன். யாராவது வந்து எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டு, சுகமாயிடுச்சு இனிமே டயாலிசிஸ் வேண்டாம், போனா அவிசுவாசம்னு சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. ரெண்டு மூணு வாட்டி விட்டாலே மூச்சு முட்டி எமர்ஜென்சிக்கு வருவாங்க. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் தர்றேன்னு கர்த்தரே வாக்குக் குடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடைய எடுத்து புண்ணு மேல பத்துப் போடுங்கன்னுதான் சொன்னாரு. வாக்குத்தத்தமும் இருந்துச்சு, மருந்தும் இருந்துச்சு. பவுல் கூட துரோப்பீமுவ மிலேத்துவுல வியாதிப்பட்டவனா விட்டுட்டு வந்தேன்னு எழுதுறாரு. எத்தனையோ பேர சுகமாக்கின பவுலு, கூட வந்த ஆள விட்டுட்டு வர்றாரு. துரோப்பீமுவுக்கு ஏதோ தடை இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லல.

நாலு மணி நேரம் மெஷின்ல படுத்திருக்கும்போது நிறைய பேரு கூரையவே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பக்கத்துல உக்காந்து மெதுவா ஒரு சங்கீதம் வாசிச்சுக் காட்டுங்க, இல்ல அத்தைக்குப் பிடிச்ச ஞானப்பாட்டு ஒண்ணு போட்டு விடுங்க. அந்த நேரத்துல உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

---

கடலோரம் எழுதியது:

அக்கா, நான் குளச்சல் பக்கம். நாங்க கத்தோலிக்கரு, எங்க பைபிள்ல வார்த்தை கொஞ்சம் மாறி இருக்கும், ஆனா ஆண்டவரு ஒருத்தருதான்.

எங்க கரைல கஷ்டம்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள். பூசைக்குப் போன நாள்லதான் கடல் உள்ள வந்துச்சு. கொட்டில்பாடுல எல்லாம் குடும்பம் குடும்பமா போச்சு. அதுக்கப்புறம் 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல். ஆழ்கடலுக்குப் போன ஆளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரல, ஏற்கனவே எல்லாரும் ரொம்ப தூரம் போயிட்டாவ. எத்தனையோ வீட்ல இன்னைக்கு வரைக்கும் உடம்பு வரல, உடம்பு இல்லாமலே பூசை வச்சாவ. அந்த பொம்பளைங்கள நான் பார்த்திருக்கேன். கோயில்ல வந்து உக்காந்து எங்க மாதா கிட்ட சத்தம் போட்டு சண்டை போட்டாவ, ஏன் விட்டேன்னு கேட்டாவ, ஒருத்தரும் அவங்கள விசுவாசம் இல்லாதவன்னு சொல்லல. சண்டை போட்டுட்டு மறுநாளும் அதே கோயிலுக்குத்தான் வந்தாவ. நீங்க சாட்சி நேரத்துல வெளிய வந்து நிக்கிறேன்னு எழுதியிருந்தது வாசிச்சதும் எனக்கு அவங்க ஞாபகம்தான் வந்துச்சு. எங்க ஊர்ல நீங்க இருந்திருந்தா கைய பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வச்சு கூட சேர்ந்து அழுதிருப்பாவ.

திருத்தூதர் பணிகள் 27 வாசிங்க, உங்க பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள். நான் கடல்காரன்ங்கிறதால எனக்கு பைபிள்ல அதுதான் ரொம்பப் பிடிக்கும். பவுல கைதியா ரோமுக்குக் கொண்டு போற கப்பல் புயல்ல மாட்டுது. பல நாளா சூரியனும் தெரியல நட்சத்திரமும் தெரியல. தப்பிப்போம்ங்கிற நம்பிக்கையே போச்சுன்னு எழுதியிருக்கு, எழுதினவரு "நாங்க"ன்னு சேர்த்து எழுதுறாரு, அப்போ நம்பிக்கை போனது ஊழியக்காரங்களுக்கும்தான். வானதூதர் வந்து பவுல்கிட்ட பயப்படாதன்னு சொல்றாரு, ஆனா புயல நிறுத்தல. உயிர்ச்சேதம் இருக்காது, கப்பல் போயிடும்னு பவுல் முன்னாலயே சொல்லிடுறாரு. கப்பலையும் காப்பாத்துவேன்னு ஆண்டவரு வாக்கு குடுக்கவே இல்ல.

14ஆம் நாள் ராத்திரி தண்ணி ஆழம் குறைஞ்சுக்கிட்டே வருது, பாறைல மோதிடுவோம்னு பயந்து நாலு நங்கூரம் போடுறாவ. எங்க இருந்து போட்டாங்கன்னு பாருங்க, பின்னால இருந்து, எங்க பாஷைல அமரத்துல இருந்து. சாதாரணமா முன்பக்கம், அணியத்துல இருந்துதான் போடுவோம். பின்னால இருந்து போட்டா கப்பல் திரும்பாது, மூஞ்சி கரைய பார்த்தே நிக்கும், விடிஞ்சதும் நேரா ஓட்டிடலாம். இருட்டுல ஒண்ணும் தெரியாதப்போ செய்ய முடிஞ்சது அவ்வளவுதான், திரும்பிடாம கரைய பார்த்து நிக்கிறது, விடியுறதுக்குக் காத்திருக்கிறது. நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்திருக்கிறத வாசிச்சப்போ இதுதான் தோணுச்சு.

அதுலயும் அடுத்து பவுல் செய்றத பாருங்க, ஜெபக்கூட்டம் போடல. சாப்பிடுங்கன்னு சொல்றாரு. அப்பத்த எடுத்து எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லி பிட்டு அவரே முதல்ல சாப்பிடுறாரு, 276 பேரும் தைரியம் வந்து சாப்பிட்டாவ. அக்கா நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா? கடைசில கப்பல் உடைஞ்சு நீந்தத் தெரிஞ்சவன் நீந்தி, தெரியாதவன் பலகையப் பிடிச்சுக்கிட்டு மால்டா கரைக்கு வந்து சேர்ந்தாவ. ஈரத்தோட நடுங்கிக்கிட்டுதான் வந்தாவ, ஆனா எல்லாரும் வந்தாவ.

இன்னொண்ணு. எங்க மாவட்டத்து புனிதர் தேவசகாயம் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, 2022 மே 15ல ரோம்ல புனிதரா அறிவிச்சாவ. நட்டாலத்துக்காரர், மார்த்தாண்ட வர்மா அரண்மனைல அதிகாரியா இருந்தவரு. வீட்ல மாடெல்லாம் செத்து, விளைச்சல் போய், மனசு ஒடிஞ்சு இருக்கும்போதுதான் டி லனாய் அவருக்கு, எல்லாத்தையும் இழந்தும் ஆண்டவர விடாத யோபு கதைய சொன்னாராம். அந்த டி லனாய் யாரு, 1741ல எங்க குளச்சல் சண்டைல தோத்து கைதியான டச்சுத் தளபதி! எல்லாத்தையும் இழந்த ஒருத்தன்தான் இன்னொரு இழந்தவனுக்கு யோபுவ சொல்லிக் குடுத்திருக்கான். அத கேட்டு வடக்கன்குளத்துல 1745ல ஞானஸ்நானம் வாங்கினாரு. வாங்கின பிறகு மாடு திரும்பி வந்துச்சா? இல்ல. வேலை போச்சு, ஜெயில், எருமை மேல ஏத்தி ஊர் ஊரா ஊர்வலம், அடி, 1752 ஜனவரி 14ல காத்தாடிமலைல சுட்டுக் கொன்னாவ. விசுவாசம் வச்சா கஷ்டம் போகும்னு யாராவது சொன்னா கோட்டாறு கோயில்ல இருக்கிற அவரு கல்லறைக்கு அவங்கள ஒரு தடவை கூட்டிட்டு வாங்க.

---

விசுவாசவீரன் எழுதியது:

டீச்சர் அம்மா, பிரதர், நீங்க சொல்றது சரிதான். ஆனா தேவன் அற்புதம் செய்வார்ங்கிறதையும் விட்டுடக் கூடாதுல்ல? எனக்கு செஞ்சாரு, அத நான் எப்படி சொல்லாம இருக்க முடியும்.

---

ரிட்டயர்டு டீச்சர், நாசரேத் எழுதியது:

சொல்லணும் தம்பி, கண்டிப்பா சொல்லணும். அற்புதம் கேட்டு நானும்தான் ஜெபம் பண்றேன். ஆனா கஷ்டத்துல இருக்கிறவங்க பக்கத்துல முதல்ல உக்காரணும். யோபுவோட சிநேகிதங்க மூணு பேரும் 7 நாள் அவன்கூட தரைல உக்காந்து ஒரு வார்த்தையும் பேசாம இருந்தாங்க, அது நல்ல காரியம். வாயத் திறந்து உன்மேல ஏதோ குத்தம் இருக்குன்னு ஆரம்பிச்சப்போதான் கெட்டுச்சு. கடைசி அதிகாரத்துல கர்த்தர் யார்மேல கோபப்படுறார் பாருங்க, கேள்வி கேட்டு கத்தின யோபு மேல இல்ல, தேவனுக்காகப் பேசுறோம்னு நினைச்ச இவங்க மேல. சாயர்புரத்து அம்மாகிட்ட தடை இருக்குன்னு சொன்னவங்களுக்கும் இத யாராவது அன்பா சொன்னா நல்லாருக்கும்.

நம்ம பழைய திருநெல்வேலி ஜில்லாவுலயே டோனாவூர் இருக்கு. அங்க ஊழியம் செஞ்ச மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல கீழ விழுந்து அடிபட்டாங்க, அதுக்கப்புறம் 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அத்தனை பிள்ளைகள காப்பாத்தி வளர்த்தவங்க, எத்தனை பேரு அவங்களுக்காக ஜெபம் பண்ணியிருப்பாங்க! பழையபடி எழுந்து நடமாடல. அந்தக் கட்டில்ல இருந்தே புத்தகம் புத்தகமா எழுதினாங்க. அவங்க விசுவாசத்த குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

---

மட்டுநகர் மகள் எழுதியது:

அக்கா, நான் மட்டக்களப்பில இருந்து எழுதுறன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, எங்கட ஊர் சியோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஞாயிறு பாடசாலை முடிஞ்சு பிள்ளைகள் வெளியில நிண்ட நேரம். எனக்குத் தெரிஞ்ச குடும்பத்துப் பிள்ளைகளும் அதுக்குள்ள. சுனாமியும் பாத்தம், யுத்தமும் பாத்தம், ஆனா இது கோயில் வாசல்லயே வந்தது.

அதுக்குப் பிறகு கனநாளா எனக்கு பாட்டுப் பாட ஏலாது. மற்ற ஆக்கள் பாடுவினம், நான் சும்மா நிப்பன். ஒரு வயசான அம்மா என்ன பாத்திட்டு சொன்னா, "நீ பாடாட்டிப் பரவாயில்ல, நாங்க உனக்கும் சேத்துப் பாடுறம், நீ நில்லு" எண்டு. அந்தச் சொல்லுத்தான் என்ன இவ்வளவு நாளும் கோயில்ல வச்சிருக்கு. சபை எண்டு ஒண்டு ஏன் இருக்கு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கிச்சு. விசுவாசத்த ஒவ்வொரு நாளும் நான் தனியத் தூக்கத் தேவையில்ல.

சங்கீதம் 88ஐ ராவில வாசிச்சுப் பாருங்கோ. அழுற மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில துதியிலயோ நம்பிக்கையிலயோ முடியும், அது அப்பிடி முடியாது, இருட்டோடயே முடியும். ஆனா அதின்ட முதல் வரியில "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" எண்டு கூப்பிட்டுத்தான் எல்லாத்தையும் சொல்லுது. அப்பிடி ஒரு ஜெபத்தையும் ஆண்டவர் வேதத்தில வச்சிருக்கிறார். வார்த்தை வராத நாளில அந்த வார்த்தைய எடுத்துக்கொள்ளலாம்.

---

சாயர்புரத்துக்காரி எழுதியது:

எல்லார் எழுதினதையும் கடைல உக்காந்து வாசிச்சேன், அழுகை நிக்கல, ஓனர் அம்மா என்னாச்சுன்னு கேட்டு டீ வாங்கிக் குடுத்தாங்க.

எரேமியா முழுசா வாசிச்சேன் டீச்சர். அந்த கார்ட கிழிக்கல, அதுக்குக் கீழ 5ஆம் வசனத்தையும் பேனால எழுதி ஒட்டியிருக்கேன். சங்கீதம் 88ம் வாசிச்சேன் தங்கச்சி, அப்படி ஒண்ணு பைபிள்ல இருக்குன்னே எனக்குத் தெரியாது, யாரும் சர்ச்ல அத வாசிச்சுக் கேட்டதில்ல. பயம் இருக்கத்தான் செய்யுது. ஆனா பயப்படுறதுக்காகவும் சேர்த்து பயந்துக்கிட்டு இருந்தேன்ல, அது கொஞ்சம் விட்டிருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, எங்க வீட்டுக்காரங்க சர்ச்சுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. யார் முகத்தையும் பாக்க முடியலங்கிறாங்க. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டா பக்கத்து ரூம்ல படுத்துக்கிறாங்க, கட்டாயப்படுத்தணுமா விட்டுடணுமா? ரெண்டாவது, பேங்க்ல இருந்து போன் வந்தாலே கை நடுங்குது, எடுக்கிறதே இல்ல.

---

நைட்டியூட்டி எழுதியது:

போன எடுங்க அக்கா. எடுக்காம விடுறதுதான் பயத்த கூட்டுது. எங்க அண்ணனுக்கு இதே மாதிரி ஆச்சு, அப்போ தெரிஞ்சுக்கிட்டது. தவணை 90 நாள் தாண்டினா வராக்கடன்ல சேர்த்துடுவாங்க, அப்புறம் பேச்சு கஷ்டம். அதுக்கு முன்னாடியே பிராஞ்சுக்கு நேர்ல போய் மேனேஜர்கிட்ட வேலை போன விவரத்த எழுதிக் குடுத்து, தவணைய குறைச்சு காலத்த நீட்டித் தர முடியுமான்னு கேளுங்க, குடுத்ததுக்கு ஒப்புகை வாங்கிக்கோங்க. வசூலுக்குப் போன் பண்றவங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, மிரட்டுற மாதிரி பேசினா அத குறிச்சு வச்சு பேங்க்லயே புகார் குடுக்கலாம். போகும்போது தனியா போகாதீங்க, சர்ச்ல விவரம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர கூட்டிட்டுப் போங்க.

---

ரிட்டயர்டு டீச்சர், நாசரேத் எழுதியது:

உங்க வீட்டுக்காரர கட்டாயப்படுத்தாதீங்கம்மா. வெளிநாட்டுல சம்பாதிச்சு வீட்ட நடத்தின மனுஷன், சம்பளம் இல்லாம வந்து நிக்கிறாரு, சர்ச் வாசல்ல நின்னா எல்லாரும் "எப்போ திரும்பப் போறீங்க"ன்னுதான் கேப்பாங்க. அந்தக் கேள்விக்குத்தான் அவர் ஒளியுறார், தேவனுக்கு இல்ல. நீங்களும் பிள்ளைகளும் ஜெபத்த அந்த பக்கத்து ரூமுக்குக் கேக்குற அளவுக்கு பண்ணுங்க, அவர் பேரச் சொல்லி நன்றி சொல்லுங்க, எங்களுக்காக வெயில்ல நின்னு உழைச்சாங்க ஆண்டவரேன்னு. மாற்கு 2ல திமிர்வாதக்காரன நாலு பேரு சுமந்துட்டு வந்து கூரையப் பிரிச்சு இறக்கினாங்க. "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார்னு இருக்கு. படுத்துக்கிடந்தவன் வாயத் திறந்து ஒண்ணும் சொன்னதா இல்ல, தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்த இயேசு பார்த்தாரு. கொஞ்ச நாள் நீங்க தூக்குங்க. உங்க சபை பாஸ்டர் ஐயர்வாள்கிட்ட சொல்லி ஜெபம் பண்ண இல்லாம சும்மா டீ குடிச்சுப் பேச ஒரு சாயங்காலம் வரச் சொல்லுங்க.

திருவிருந்துக்கு மட்டும் நீங்க விடாமப் போங்க. அங்க நாம ஒண்ணும் கொண்டு போக வேண்டியது இல்ல, வெறும் கைய நீட்டுறது மட்டும்தான்.

---

கடலோரம் எழுதியது:

அக்கா, சம்பள பாக்கி விஷயத்த அப்படியே விட்டுடாதீங்க. வெளியுறவுத் துறையோட மதாத் போர்ட்டல்னு இருக்கு, அதுல ஆன்லைன்ல புகார் பதியலாம், அது ரியாத் எம்பசி, ஜித்தா துணைத் தூதரகத்துக்குப் போகும். சென்னைல அயலகத் தமிழர் நலத்துறைலயும் மனு குடுக்கலாம். பணம் உடனே வரும்னு நான் சொல்ல மாட்டேன், எங்க ஊர்ல வந்தவனும் இருக்கான் இன்னும் காத்திருக்கிறவனும் இருக்கான். ஆனா பதியாம இருந்தா கண்டிப்பா வராது.

அண்ணன பாஸ்போர்ட் காப்பி, இக்காமா (சவுதில தங்குற அனுமதி அட்டை) காப்பி, வேலை ஒப்பந்தம், கடைசியா சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மெண்ட், கம்பெனியோட பேசின வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல எடுத்து வைக்கச் சொல்லுங்க. நானும் வெளிநாட்டு போட்ல வேலை பார்த்துட்டு வந்தவன்தான், இந்த மனுவ எழுதத் தெரியும். உங்களுக்கு பிரைவேட் மெசேஜ் போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பத்து மணிக்கு மேல கரைலதான் இருப்பேன், அண்ணனையே பேசச் சொல்லுங்க, எப்போ திரும்பப் போறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்.